அந்தக் குளிசை எங்களை ஏன் விட்டுவிடுகிறது?

கேள்வி: பெரும்போகத்துக்கு வயலில் இறங்குவதற்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பிஎச்ஐ) ஐயா வந்து, எலிக்காய்ச்சல் வராமலிருக்க டொக்சிசைக்கிளின் குளிசை தந்தார். வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு குளிசையை ஒன்றாகப் போடச் சொன்னார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற என் மகள், “அப்பா, அது கிருமியின் இறைபோசோமைப் பிடித்து நிறுத்துகிற மருந்து” என்கிறாள். இறைபோசோம் மனிதருக்கும் இருக்கிறது என்று அவளுடைய புத்தகத்திலேயே போட்டிருக்கிறதே? பிறகு அது எங்களை ஏன் ஒன்றும் செய்வதில்லை? பாலோடு குடிக்காதே, வெயிலில் நில்லாதே, சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதே என்றும் சொல்கிறார்கள். அப்படியென்றால் ஏதோ செய்கிறதுதானே? இந்த இறைபோசோமை ஆராய்ந்து நோபல் பரிசு வாங்கியவர் சிதம்பரத்தில் பிறந்தவர் என்று மகள் சொல்வதும் உண்மையா?
— ஒரு விவசாயி, தம்பலகாமம்

பதில்: உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. டொக்சிசைக்கிளின் நம்மைத் தொடுவதே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம்மையும் தொடுகிறது. ஆனால் தொடுகிற அளவு வேறு, இடம் வேறு. அந்த வித்தியாசம் எவ்வளவு மெல்லியது என்று விளங்கிவிட்டால், குளிசையை எப்போது போடவேண்டும், எப்போது கிட்டவும் போகக்கூடாது என்பதை யாரும் உங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். லெப்டோஸ்பைரா என்கிற சுருள் வடிவப் பற்றீரியா எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். மாடு, எருமை, நாயிலும் இருக்கும். சிறுநீரோடு வயல் தண்ணீரில் கலந்து, சேற்றுப்புண், கால்வெடிப்பு, வரம்பு வெட்டும்போது பட்ட கீறல் வழியே நம் உடம்புக்குள் போகும். இலங்கையில் 2008ஆம் ஆண்டு 7000 பேருக்கு மேல் இந்த நோய் சந்தேகிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் இனந்தெரியாத காய்ச்சல் என்று முதலில் பேசப்பட்டு, சில உயிர்களைக் கொண்டுபோன பின் எலிக்காய்ச்சல் என்று உறுதியானதும் இதுதான். கந்தளாய், மூதூர், கிண்ணியா வயல்காரருக்கு மட்டும் உரியது என்று நினைக்கவேண்டாம். எலி நடமாடுகிற துறைமுகப் பண்டகசாலையிலும், மீன்சந்தைக்குப் பின்னால் தேங்கி நிற்கிற வடிகானிலும் இதே கிருமி இருக்கலாம்.

அந்த இரண்டு குளிசையும் சேர்ந்து வாரத்துக்கு 200 மில்லிகிராம் என்ற கணக்கு சும்மா வந்ததல்ல. 1982இல் பனாமாக் காட்டில் பயிற்சிக்குப் போன அமெரிக்கப் படையினர் 940 பேரை இரு பாதியாக்கி, ஒரு பாதிக்கு இந்த மருந்தும் மறுபாதிக்கு வெறும் மாக்குளிசையும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து போட்டவர்களில் 1 ஆளுக்கும், போடாதவர்களில் 20 பேருக்கும் எலிக்காய்ச்சல் வந்தது. உங்கள் கையில் தந்த இரண்டு குளிசைக்கும் பின்னால் அந்தக் கணக்கு இருக்கிறது.

இனி இறைபோசோம். எந்தக் கலமானாலும் தனக்கு வேண்டிய புரதத்தை அங்கேதான் கட்டுகிறது. மரபணுவிலிருந்து படியெடுத்த தூது ஆர்.என்.ஏ. அதற்குள் ஓடும். அதன் எழுத்துகளை மூன்று மூன்றாக இறைபோசோம் வாசிக்கும். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் உரிய அமினோ அமிலத்தை இடமாற்று ஆர்.என்.ஏ. சுமந்துகொண்டு வரும். வந்ததை ஏற்கெனவே நீண்டுகொண்டிருக்கிற சங்கிலியோடு இறைபோசோம் சேர்க்கும். பற்றீரியாவின் இறைபோசோம் ஒரு நொடிக்கு 15, 20 அமினோ அமிலங்களைச் சேர்த்துவிடும். இத்தனையும் செய்கிற பொருளின் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரை 50,000 கூறிட்டால் வருகிற ஒரு கூறு.

அது இரண்டு துண்டுகளாக இருக்கிறது. சிறு துண்டு வாசிக்கும், பெரும் துண்டு கட்டும். பற்றீரியாவின் சிறு துண்டுக்கு 30 எஸ் என்றும் பெரும் துண்டுக்கு 50 எஸ் என்றும் பெயர். மகளின் புத்தகத்திலும் இந்த இலக்கங்கள் இருக்கும். புத்தகத்தில் பெரும்பாலும் இரண்டு உருண்டைகளைப் படம் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். அது எனக்கு எப்போதும் மனவருத்தம் தருகிற விஷயம். அந்த உருண்டைக்குள் மூன்றில் இரண்டு பங்கு ஆர்.என்.ஏ. சிறு துண்டில் மட்டும் 1500 எழுத்துக்கு மேல் நீளமான ஒரே இழை, தன்மேலேயே மடிந்து, சில இடங்களில் தன்னோடு தானே இணைசேர்ந்து, தலை என்றும் உடல் என்றும் பிரித்துச் சொல்லத்தக்க உருவத்தில் நிற்கிறது. புரதங்கள் பெரும்பாலும் வெளிப்புறத்தில் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. வேலையைச் செய்வது மடிந்த ஆர்.என்.ஏ.தான்.

வாசிப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். தூது ஆர்.என்.ஏ.யின் மூன்றெழுத்துக்கு எதிரே ஓர் இடமாற்று ஆர்.என்.ஏ. வந்து நிற்கிறது. அது சரியானதா, ஒரே ஓர் எழுத்து மாறிய தவறானதா? சிறு துண்டின் இழையில் 1492ஆம், 1493ஆம் இடங்களில் இரண்டு அடினின்கள் இருக்கின்றன. சரியான ஜோடி வந்ததும் அவை தாங்கள் இருந்த மடிப்பிலிருந்து வெளியே புரண்டு, அந்த ஜோடியின் பள்ளத்தைத் தொட்டுப் பார்க்கின்றன. மின்சாரம் போன இருட்டில் சட்டைப் பொத்தான் அதற்குரிய துளையில்தான் ஏறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதுபோல. முதல் இரண்டு எழுத்தில் கண்டிப்பு, மூன்றாவதில் கொஞ்சம் தாராளம். ஜோடி சரியென்றால் தலைப்பகுதி உள்ளே சாய்ந்து மூடிக்கொள்ளும், அமினோ அமிலம் சங்கிலியில் சேரும். தவறென்றால் வந்தது விலகிப் போய்விடும்.

டொக்சிசைக்கிளின் சேர்ந்த டெட்ராசைக்கிளின் குடும்பம் போய் உட்காருவது இந்த இடத்துக்குப் பக்கத்தில், தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடுக்கில். இடமாற்று ஆர்.என்.ஏ. மூன்றெழுத்தைத் தொட்டுப் பார்க்கும். முழுதாக உள்ளே வந்து உட்கார இடமிராது. வந்தது திரும்பிப் போகும், அடுத்தது வரும், அதுவும் திரும்பும். கிருமி செத்துப்போவதில்லை. அதன் புரதக் கட்டுமானம் நின்று பெருக்கம் நிற்கும். மிச்ச வேலையை உங்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி செய்து முடிக்கும்.

அந்த இடுக்கில் மருந்து எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதில்தான் பால் பற்றிய உங்கள் கேள்விக்கும் பதில் இருக்கிறது. இந்த மருந்தின் ஒரு பக்கத்தில் ஒட்சிசன் அணுக்கள் வரிசையாக இருக்கின்றன. உலோக அயன்கள் கிடைத்தால் அவை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆர்.என்.ஏ.யின் முதுகு முழுக்க மறையேற்றம் கொண்ட பொசுபேற்று. அது மடிந்து நிற்கவே மக்னீசியம் வேண்டும். மருந்து அந்த மக்னீசியத்தை நடுவில் வைத்து ஆர்.என்.ஏ.யைப் பிடிக்கிறது. அதே ஒட்சிசன்கள் பாலிலுள்ள கல்சியத்தையும் பிடிக்கும், கிளினிக்கில் தருகிற இரும்புக் குளிசையையும் பிடிக்கும், நெஞ்செரிவுக்குக் குடிக்கிற மருந்தின் அலுமினியத்தையும் மக்னீசியத்தையும் பிடிக்கும். குடலிலேயே பிடிபட்டுப் போன மருந்து இரத்தத்துக்கு வராது. வளர்கிற பல்லிலும் எலும்பிலும் கல்சியம் படிகிற இடத்தில் இது சேர்ந்து படிந்து பல்லை நிறம் மாற்றும். எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தடுப்பு மருந்தாகக் கொடுக்காமலிருப்பது இதனால். பழைய டெட்ராசைக்கிளினோடு பார்த்தால் டொக்சிசைக்கிளினுக்கு இந்தக் குணம் குறைவு. என்றாலும் நோயில்லாத பிள்ளைக்கு அந்த ஆபத்தை ஏன் கொடுப்பான்?

வெயில் விஷயம் வேறு. இறைபோசோமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தோலில் இருக்கிற மருந்து வெயிலின் புறஊதாக் கதிரை உள்வாங்கித் தோலைப் புண்ணாக்குகிறது. வயல்காரரிடம் வெயிலில் நில்லாதே என்பது நடக்கிற காரியமா? முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போடுங்கள், அது போதும். குளிசையைச் சாப்பாட்டுக்குப் பின், ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருங்கள். தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி. நம் கலங்களிலுள்ள இறைபோசோம் பெரியது, 80 எஸ் என்பார்கள். அதன் ஆர்.என்.ஏ. நீளம் கூடியது, புரதங்களும் கூட. ஆனால் வாசிக்கிற நடுப்பகுதி கிருமியினதோடு மிகவும் ஒத்திருக்கிறது. அங்கே எழுத்துகளை மாற்ற உயிருலகம் துணியவில்லை. ஆய்வுகூடக் குழாயில் நம் இறைபோசோமை மட்டும் தனியே எடுத்து மருந்தை அதிகமாக ஊற்றினால் அதுவும் தடுமாறும். 2018இல் வந்த ஓர் ஆய்வு, டெட்ராசைக்கிளின் வகை மருந்துகள் மனித இறைபோசோம் ஆர்.என்.ஏ.யிலும் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டுவதைக் காட்டியது. பிறகு எது நம்மைக் காக்கிறது? பெரும்பங்கு, கலத்தின் வாசல். பற்றீரியா தன் சவ்வின் வழியே இந்த மருந்தைச் சக்தி செலவழித்து உள்ளே சேர்த்துக்கொள்கிறது, தன்னையறியாமல் தனக்குக் கேடு தேடிக்கொள்கிறது. நம் கலம் அப்படிச் சேர்ப்பதில்லை. மிச்சம், அந்த இடுக்கின் ஓரத்தில் உள்ள சில எழுத்து வேறுபாடுகள்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் கலத்துக்குள் இழைமணிகள் இருக்கின்றனவே, அவை ஆதியில் தனித்து வாழ்ந்த பற்றீரியாவிலிருந்து வந்தவை. அவற்றுக்குச் சொந்த இறைபோசோம் உண்டு. அதில் கட்டப்படுவது 13 புரதம்தான், ஆனால் மூச்சில் எடுத்த ஒட்சிசனைச் சக்தியாக்குகிற புரதங்கள் அவை. டொக்சிசைக்கிளின் இந்த இறைபோசோமை உண்மையாகவே மந்தப்படுத்தும். வாரத்துக்கு ஒரு தடவை, சில வாரங்களுக்கு என்ற அளவில் அதைத் தாங்க உடம்புக்குத் தெம்பிருக்கிறது. வெறும் ‘சத்துக்காக’, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மாதக்கணக்கில் விழுங்கக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நமக்கும் கிருமிக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு வேறு மருந்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் இது குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டிய விஷயம். காசநோய்க்குப் போட்ட ஸ்ரெப்டோமைசின் ஊசியும், ஆஸ்பத்திரியில் இன்றும் போடுகிற ஜென்டாமைசின் ஊசியும் நான் மேலே சொன்ன இரண்டு அடினின்கள் இருக்கிற பகுதியில்தான் வேலை செய்கின்றன. நம் இழைமணி ஆர்.என்.ஏ.யில் அதற்கு ஈடான பகுதியில், 1555ஆம் இடத்தில், சாதாரணமாக அடினின் இருக்கும். சிலருக்கு அங்கே குவானின் இருக்கிறது. ஒரே எழுத்து. அந்த மாற்றத்தால் அந்த மடிப்பு பற்றீரியாவின் மடிப்பை ஒத்துவிடுகிறது. மருந்து நம் இழைமணியையே கிருமி என்று பிடித்துக்கொள்கிறது. முதலில் பழுதாவது உட்காதின் நுண்கலங்கள். சில ஊசிகளிலேயே காது கேளாமற் போனவர்கள் உண்டு. 1993இல் இந்தக் காரணம் வெளியானது. இழைமணி தாய்வழி மட்டுமே வருவதால் குறையும் தாய்வழியே வரும். உங்கள் மனைவியின் தாய்வழியில், அல்லது உங்கள் தாய்வழியில், ஊசி போட்ட பின் காது போனவர்கள் யாராவது இருந்தால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கேட்கும்வரை காத்திருக்கவேண்டாம்.

சிதம்பரத்தைப் பற்றி: உண்மைதான். வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1952இல் சிதம்பரத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் பரோடாவுக்குப் போய்விட்டது. பௌதிகம் படித்து அமெரிக்காவில் கலாநிதிப் பட்டமும் வாங்கிய பின், எனக்கு வேண்டியது உயிரியல் என்று திரும்ப மாணவனாகப் போய் உட்கார்ந்தவர். 2009இல் தோமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனத் ஆகியோரோடு இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் 30 எஸ் துண்டின் அணுக்கள் இருக்கிற இடத்தை அவரது கேம்பிரிட்ஜ் குழு காட்டியது. அதே ஆண்டு முடிவதற்குள் டெட்ராசைக்கிளின் அதில் எங்கே உட்காருகிறது என்பதையும் காட்டியது. உங்கள் குளிசை பற்றி நான் மேலே சொன்னவற்றில் பாதி அந்த ஓராண்டில் தெரியவந்தது.

ஆடா யோனத்தை மறந்துவிட்டு அந்தக் கதையைச் சொல்வது நியாயமல்ல. 1980இல், அணுக்களின் இடத்தைக் காண்பதற்காக இறைபோசோமைப் பளிங்காக்கவே முடியாது என்று பெரும்பாலோர் சொன்ன காலத்தில், அவர் தொடங்கினார். அவருடைய எண்ணம் எளிமையானது: கடுமையான சூழலில் வாழ்கிற கிருமியின் இறைபோசோம் உறுதியாக இருக்கும், கலையாமல் அடுக்கி நிற்கும். வெப்பத்தில் வாழ்கிறதையும், சாக்கடலின் உப்பில் வாழ்கிறதையும் எடுத்தார். ராமகிருஷ்ணன் எடுத்தது யப்பானிய வெந்நீரூற்றில் கண்டெடுத்த தேர்மஸ் என்ற பற்றீரியா. அது 65, 70 பாகையில் சுகமாக வாழும். நம் கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் சூடு 40 பாகையை ஒட்டியதுதான், தேர்மஸுக்கு அது குளிர். ஆனால் சாக்கடல் உயிரியின் உறவுக்காரரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நிலாவெளி உப்பளத்தில் தண்ணீர் வற்றி உப்புத் திரளப்போகிற நேரம் பாத்தி இளஞ்சிவப்பாக மாறுமே, அந்த நிறத்தில் பெரும்பங்கு அந்தக் குலத்து நுண்ணங்கிகளுடையது. ஸ்டைட்ஸ் குழு பெரும் துண்டைத் தெளிவாகப் பார்த்தது சாக்கடலின் அந்த உயிரியில்தான்.

அதில் அவர்கள் கண்டது இன்னும் என்னை வியக்கவைக்கிறது. அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று சேர்கிற மையத்தைச் சுற்றி 18 அங்ஸ்ட்ரம் தூரத்துக்குள் புரதமே இல்லை. எல்லாம் ஆர்.என்.ஏ. அப்படியானால் புரதத்தைக் கட்டும் வேலை புரதம் தோன்றுவதற்கு முன்பே ஆர்.என்.ஏ.யால் தொடங்கியிருக்கவேண்டும். உயிரின் தொடக்கத்தைத் தேடிய காலியைச் சேர்ந்த சிறில் பொன்னம்பெரும இருந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்! சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்துவிட்டு இரசாயனத்துக்கு வந்தவர் அவர். 1963இல் கார்ல் சேகனோடும் ரூத் மரினரோடும் சேர்ந்து, அடினினையும் ரைபோஸ் சீனியையும் பொசுபேற்றையும் புறஊதா ஒளியில் வைத்து, கலங்கள் சக்திக்குப் பயன்படுத்துகிற ஏ.ரி.பி.யை உண்டாக்கிக் காட்டினார். 1994இல் காலமாகிவிட்டார். பெரும் துண்டின் படம் வெளிவர அப்போது இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.

அண்மைக்கால ஆய்வு இரண்டு திசையில் போகிறது. ஒன்று, பளிங்காக்காமலே உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் பார்ப்பது. 2022இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஒரு சிறு பற்றீரியாவை அப்படியே உறையவைத்து, அதன் உடலுக்குள்ளேயே இறைபோசோம்கள் வேலையின் வெவ்வேறு கட்டத்தில் நிற்பதையும், மருந்து போட்டதும் அவை எந்தக் கட்டத்தில் போய்த் தேங்குகின்றன என்பதையும் படமாக்கினார்கள். மற்றது புது மருந்துகள். 2024இல் ஹார்வார்ட்டில் செய்த கிரசோமைசின் என்ற செயற்கை மருந்து, இறைபோசோமில் பிடித்து நிற்கவேண்டிய வடிவத்திலேயே முன்கூட்டி விறைப்பாகக் கட்டப்பட்டது. பழைய மருந்துகளை ஏமாற்றப் பழகிய கிருமிகளையும் எலிகளில் அடக்கியது. 2025இல் கனடாவின் ஹமில்ற்றன் நகரத்தில் ஓர் ஆய்வுகூடப் பணியாளரின் வீட்டுப் பின்வளவு மண்ணை எடுத்து, அதிலுள்ள பற்றீரியாக்களை ஏறக்குறைய ஓராண்டு பொறுமையாக வளர்த்ததில் லாரியோசிடின் கிடைத்தது. முடிச்சுப் போட்ட இழை வடிவிலான அது, சிறு துண்டில் இதுவரை எந்த மருந்தும் பிடிக்காத இடத்தைப் பிடிக்கிறது. இரண்டும் மருந்துக்கடைக்கு வர இன்னும் வெகுதூரம் இருக்கிறது.

புது மருந்து ஏன் தேவைப்படுகிறது? இருப்பதை நாம் வீணாக்குவதால். டெட்ராசைக்கிளினுக்கு எதிராகச் சில பற்றீரியாக்கள் ஒரு காவல் புரதத்தை வைத்திருக்கின்றன. அது இறைபோசோமில் ஏறி, இடுக்கில் உட்கார்ந்திருக்கிற மருந்தைத் தள்ளி வெளியேற்றிவிட்டு இறங்கிவிடும். அந்தப் புரதத்துக்கான மரபணு ஒரு பற்றீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும். மிஞ்சிய குளிசையைக் கோழிக்குக் கரைத்துக் கொடுப்பதும், தடிமனுக்கும் தலையிடிக்கும் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதும், பக்கத்து வீட்டாருக்குப் பங்கு கொடுப்பதும் அந்தக் கைமாற்றத்துக்கு உதவி செய்வதுதான். இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். நம் கிராமிய ஆஸ்பத்திரி அலுமாரியிலுள்ள எரித்ரோமைசின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின், கண்ணுக்கு விடுகிற குளோரம்பெனிக்கோல் எல்லாம் இறைபோசோமைப் பிடிக்கிற மருந்துகள். அவை கைவிட்டால் அந்த அலுமாரியில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

ஆகவே வயலில் இறங்குகிற காலத்தில், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை சொன்ன அளவில், சொன்ன வாரங்களுக்குப் போடுங்கள். அறுவடையோ வேலையோ முடிந்தால் நிறுத்துங்கள். குளிசை போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்து, கெண்டைக்கால் தசை தொடமுடியாமல் நொந்து, கண் சிவந்து, சிறுநீர் குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், வயலில் இறங்கினேன் என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

மகளுக்கு ஒன்று. ராமகிருஷ்ணன் குழு கண்ட அணுக்களின் இடங்கள் எல்லாம் புரதத் தரவு வங்கி என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாக இருக்கின்றன, யாரும் திறந்து பார்க்கலாம். டெட்ராசைக்கிளின் பிடித்திருக்கிற 30 எஸ் துண்டின் குறி ஒன்று, எச், என், டபிள்யூ. திறந்ததும் ஒரே குழப்பமாகத் தெரியும். புரதங்களை மறைத்துவிட்டு ஆர்.என்.ஏ.யை மட்டும் வைத்து, மருந்தைத் தேடிக் கிட்டக் கொண்டுவந்து, அதன் பக்கத்தில் மக்னீசியம் இருக்கிற இடத்தைக் காணட்டும். பிறகு 1492, 1493 இலக்கங்களைத் தேடட்டும். கைப்பேசி திணறினால் பாடசாலைக் கணினியில் திறக்கச் சொல்லுங்கள்.